பல்லியின் வாய்நோய்

தமிழர் வீடுகளிலே பல்லியின் வாய்க்குத் தனி மதிப்பு உண்டு. சுவரிலிருந்து அது ‘இச்’ கொட்டும்போது, பேசிக்கொண்டிருப்பவர் சற்றே பேச்சை நிறுத்தி, ஒலி எத்திசையிலிருந்து வந்தது என்று பார்ப்பார். பல்லி சொல்லுக்குப் பலன் பஞ்சாங்கங்களிலே அச்சாகியிருக்கும். காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயிலிலே பொன்முலாமும் வெள்ளிமுலாமும் பூசிய பல்லிகளைத் தொட்டு வணங்குவதற்கு மக்கள் வரிசையில் நிற்கின்றனர். இத்துணை மதிப்புப் பெற்ற அந்த வாயினுள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவர்களோ மிகச் சிலரே.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிலைமை வேறு. அங்கே பல்லி சுவரிற் குடியிருக்கும் விருந்தாளி அன்று. கண்ணாடித் தொட்டியிலே வளர்க்கப்படும் செல்லப் பிராணி. நாய்க்கும் பூனைக்கும் இடமில்லாத சிறு வீடுகளிலே பிள்ளைகளுக்குப் பெற்றோர் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் சிறுத்தைப் பல்லி எனப்படும் இனத்தையே. மஞ்சள் உடலிற் கரும்புள்ளிகள் கொண்ட இவ்வுயிரை, கல்கத்தாவிலே ஆசியக் கழகத்தின் அரும்பொருட் சாலைக்குப் பொறுப்பாயிருந்த எட்வர்ட் பிளைத் என்னும் அறிஞர் 1854 இல் உலகிற்கு விவரித்துப் பெயரிட்டார். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய நாடுகளின் வறண்ட கற்பாறை நிலங்களே இதன் தாயகம். வீட்டுப் பல்லிக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: இமை. கண்ணை மூடித் திறந்து, ஏறக்குறைய புன்னகை செய்வதுபோலத் தோன்றும் வாயோடு இது பார்ப்பதனாலேயே பிள்ளைகள் இதன்மேல் உயிரை வைக்கின்றனர். விரல்களிலே ஒட்டும் தகடுகள் இல்லாமையால் இது சுவரேறி ஓடுவதும் இல்லை. நன்கு பேணினால் பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை வாழும்.

அந்தப் புன்னகையே ஒரு வகையில் ஆபத்து. பல்லியின் முகத்திலே வலி தெரியாது. நாய் நோவினால் முனகும். பூனை ஒதுங்கிப் படுத்து மெலியும். பல்லியோ தாடையெலும்பு அரிக்கப்படும் வேளையிலும் அதே முகத்தோடு இருக்கும். காட்டிலே நோயைக் காட்டும் சிற்றுயிர் உடனே பிறிதொன்றுக்கு இரையாகிவிடும். ஆதலால் மறைத்தல் அதன் பிறவிக் குணம். வாயிலே நோய் கண்ட பல்லியை மிருக வைத்தியரிடம் கொண்டுவரும்போது அந்நோய் பெரும்பாலும் வாரக்கணக்கில் முதிர்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

இந்நோயை வாயழற்சி என்று கூறலாம். வளர்ப்போர் நாவிலே அது வாயழுகல் என்றே வழங்குகிறது. அழுகல் என்ற சொல் முதிர்ந்த நிலையைக் குறிப்பது. தொடக்கத்திலே அங்கு அழுகல் எதுவும் இராது. முரசிலே ஊசி முனையளவான சிவப்புப் புள்ளிகள் சில தோன்றும். நலமான பல்லியின் வாயுட்புறம் வெளிறிய இளஞ்சிவப்பாயும் ஈரமாயும் இருக்க, நோயுற்ற இடம் மட்டும் செம்மை பூத்து, சற்றே தடித்துக் காணப்படும். அடுத்த படியிலே வாய்நீர் கெட்டிப்பட்டு, வாயைத் திறக்கும்போது மேலண்ணத்திற்கும் நாவிற்கும் இடையே நூல்போல இழுபடும். பின்னர் முரசின் ஓரத்திலே மஞ்சளும் வெண்மையும் கலந்த பொருக்குப் படியும். உதட்டோரம் ஒரு புறம் புடைக்கும். பற்கள் கழன்று விழும். இறுதியிலே தாடையெலும்பிற் கிருமி புகுந்து, வாய் ஒரு பக்கமாகக் கோணி, மூடமுடியாத நிலை ஏற்படும். துர்நாற்றம் வருவதும் இந்தக் காலத்திலேதான்.

அந்த மஞ்சட் பொருக்கைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஏனெனில், மருத்துவம் முழுவதும் அதனைச் சுற்றியே அமைகிறது. மனிதருக்குப் புண் சீழ்ப்பிடித்தால் அச்சீழ் நீராயிருக்கும். கட்டி உடைந்தால் ஒழுகி வெளியேறும். கிருமியோடு போராடி மடிந்த வெண்குருதிக் கலங்களிலே இழையங்களைக் கரைக்கும் நொதிகள் இருப்பதே அதற்குக் காரணம். ஊர்வனவற்றின் குருதியிலே அவ்வேலையைச் செய்யும் கலங்களில் அந்நொதிகளுட் சில இல்லை. ஆகவே பல்லியின் சீழ் நீராவதில்லை. உலர்ந்த பாற்கட்டியின் துகள்போல இறுகிக் கிடக்கிறது. அது தானாக வடிந்து போகாது. குருதி அதனுள்ளே ஓடாமையால், ஊசி மூலம் செலுத்தப்படும் மருந்தும் அதனுள்ளே போய்ச் சேராது. மருந்து கொடுத்தும் நோய் மாறவில்லை என்று பலர் முறையிடுவதன் இரகசியம் இதுவே. கிருமி அந்த இறுகிய சீழினுள்ளே கோட்டைக்குட் படைபோலப் பத்திரமாயிருக்கிறது.

இனி, இந்நோய் எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து வந்து தொற்றுவது அரிது. சூடோமொனாசு, ஏரோமொனாசு, கிளெப்சியெல்லா முதலிய பற்றீரியாக்கள் நலமான பல்லியின் வாயிலும் தொட்டியின் நீர்க்கிண்ணத்திலும் எப்போதும் இருப்பவை. உடலின் காவல் தளரும்வரை அவை சும்மா இருக்கின்றன. காவல் தளரும்போதோ, வாயிலே ஒரு சிறு கீறல் ஏற்படும்போதோ அவை உட்புகுகின்றன. பெரும்பாலும் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்த பின்னரே நோய் தலைதூக்கும். ஆதலால் பல்லிக்கு வாயழற்சி வந்தது என்றால், அதன் வாழிடத்திலே ஏதோ ஒன்று சில காலமாகவே பிழைத்திருக்கிறது என்பது பொருள். இது வளர்ப்போருக்குக் கசப்பான செய்தி. ஆயினும் அதைச் சொல்லாமல் மருந்தை மட்டும் சொல்வது அரை வைத்தியமே.

கீறலுக்கு வழிகள் பல. உணவாக விடப்பட்ட சில்வண்டுகளை இரவு முழுவதும் தொட்டியிலே விட்டுவைத்தால், உண்ணப்படாத பூச்சிகள் உறங்கும் பல்லியைக் கடிக்கும். கண்ணாடியை வெளியென்று எண்ணி மூக்கைத் தேய்த்துத் தேய்த்து உதட்டைப் புண்ணாக்கிக்கொள்ளும் பல்லிகளும் உண்டு. இரும்பு இடுக்கியாற் பூச்சியை நீட்டும்போது, பாய்ந்து கவ்வும் வேகத்திற் பல் இடுக்கியில் மோதும். ஒரே தொட்டியில் இரு ஆண்கள் இருந்தாற் சண்டை நிச்சயம். மணல் பரப்பிய தரையிலே இரையைக் கவ்வும்போது மணற்றுகள் முரசிலே சிக்கும். தோல் கழற்றும் காலத்திலே உதட்டோரத்திற் கழலாது எஞ்சிய செட்டை நாளடைவில் இறுகி, அதன் அடியிற் கிருமி வளர்வதும் உண்டு.

காவல் தளர்வதற்குக் காரணங்களுள் முதன்மையானது சூட்டுக் குறைவு. பல்லி தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கும் உயிரன்று, சூழலிலிருந்தே பெறுகிறது. சிறுத்தைப் பல்லியின் தொட்டியிலே ஒரு புறம் 31 அல்லது 32 பாகை செல்சியஸ் வெப்பமும், மறுபுறம் 25 பாகை அளவான குளிர்ச்சியும் இருத்தல் வேண்டும். தனக்கு வேண்டிய சூட்டை அது நடந்து சென்று தெரிந்துகொள்ளும். குளிர்நாட்டு வீடொன்றிலே சூட்டு விரிப்புப் பழுதாகி, தொட்டி முழுவதும் 20 பாகைக்கு இறங்கி, வெப்பமானி இல்லாமையால் எவரும் அதை அறியாதிருக்கும் நிலை அரிதன்று. அப்போது செரிமானம் மந்திக்கும். வெண்குருதிக் கலங்கள் சோம்பும். வாயிலுள்ள கிருமிகளோ அந்தக் குளிரிலும் பெருக வல்லவை.

சூடு எத்துணை பெரிய மருந்து என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தேயு குளூகரும் அவருடைய துணைவரும் 1975 இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று தெளிவாகக் காட்டியது. பாலைநில ஓணான் இனமொன்றுக்கு ஏரோமொனாசுக் கிருமியைச் செலுத்தி, அவற்றைக் கூட்டங் கூட்டமாக 34 முதல் 42 பாகை வரையான வெவ்வேறு வெப்பநிலைகளிலே வைத்தனர். 34 பாகையில் வைக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை ஒரு வாரத்துள் மாண்டன. 40 பாகையில் வைக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை பிழைத்தன. மனிதர் காய்ச்சலை உடலினுள்ளே உண்டாக்கிக்கொள்கின்றனர். ஊர்வனவோ வெயிலிடம் நடந்து சென்று காய்ச்சலைப் பெற்றுக்கொள்கின்றன என்று கூறலாம். இதைக் கேட்டு எவரும் சிறுத்தைப் பல்லியை 40 பாகையில் வைத்துவிடல் ஆகாது. அது பாலைநில ஓணானுக்குரிய சூடு. சிறுத்தைப் பல்லி அதிலே இறந்துவிடும். தன் இனத்திற்குரிய சூட்டின் மேலெல்லையை இரவும் பகலும் இடையறாது அதற்குக் கொடுப்பதே இங்குக் கொள்ளத்தக்க பாடம்.

உணவுக் குறையும் காவலைத் தளர்த்தும். பூச்சிகளிலே கல்சியம் மிகக் குறைவு. கல்சியத் தூளும் விற்றமின் டியும் சேர்க்காது வெறும் மாப்புழுவை மட்டுமே நாளும் கொடுத்தால், எலும்பிலுள்ள கல்சியம் கரைந்து, தாடை இறப்பர்போல வளையும். வளைந்த தாடையிலே வாய் சரியாக மூடாது; மூடாத வாய் உலரும்; உலர்ந்த முரசு வெடிக்கும். விற்றமின் ஏ குறைந்தால் வாயை ஈரமாக வைத்திருக்கும் மென்தோல் தடித்து வறள்கிறது. இக்குறையை ஊகத்தினால் ஊசி போட்டு நிரப்ப முயல்வதும் கேடே. விற்றமின் ஏ மிகுந்தால் நஞ்சாகித் தோல் உரிந்துவிடும்.

இந்நோயை வீட்டிலே எவ்வாறு கண்டுகொள்வது? வாயை வலிந்து திறந்து பார்ப்பதே முறை என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. கல்சியம் குறைந்து மென்மையான தாடை, விரலின் அழுத்தத்திலேயே முறிந்துவிடக்கூடும். திமிறும் பல்லி வாலைக் கழற்றிவிட்டு ஓடவும் கூடும். அந்த வாலோ அதன் கொழுப்புக் களஞ்சியம். நோய்க்காலத்திற்கென்று சேமித்து வைத்த பணப்பை போன்றது. வாயைத் திறக்காமலேயே காணத்தக்கவை பல உள. உண்ணும்போது அதைக் கவனித்தல் வேண்டும். இரையை நோக்கிப் பாய்ந்து, கவ்வும் கணத்திலே தயங்கிப் பின்வாங்கினால் வாய் நோகிறது என்று கொள்ளலாம். கவ்விய பூச்சியை ஒரு புறத்தால் மட்டும் மெல்லுதலும், மென்று துப்புதலும் அத்தகையன. உண்டபின் உதட்டை நக்குவது இயல்பு. உண்ணாதபோதும் இடைவிடாது நக்குவதும், மூக்கைக் கல்லிலே துடைப்பதும் இயல்பல்ல. முன்பக்கமிருந்து நோக்கினால் இரு உதட்டுக் கோடுகளும் ஒத்திருக்கின்றனவா என்பது தெரியும். நலமாயிருந்த நாளிலே எடுத்த நிழற்படம் ஒன்று கையிலிருந்தால் ஒப்பிடுவது எளிது. கொட்டாவி விடும்போதும் சினந்து வாயைப் பிளக்கும்போதும் உட்புறத்தை ஒரு நொடி காணலாம். அந்த ஒரு நொடி போதும்.

எல்லாவற்றிலும் நம்பத்தக்க சாட்சி தராசு. வளர்ந்த சிறுத்தைப் பல்லி பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் வரை நிறைகொள்ளும். சமையலறையிலே மாவு நிறுக்கும் சிறிய மின் தராசே இதற்குப் போதும். வாரத்திற்கு ஒரு முறை நிறுத்து எழுதிவந்தால், கண் ஏமாந்தாலும் எண் ஏமாறாது. நிறையிற் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வைத்தியரிடம் செல்வதற்கு அதுவே போதிய காரணம். இங்கு ஒரு மயக்கமும் உண்டு. சேர்க்கைக் காலத்திலே ஆண் பல்லி சில வாரம் உண்ணாதிருப்பது இயல்பு. வாலிலே கொழுப்பு இருப்பதனால் அது மெலிவதும் அரிது. உண்ணாமையோடு வால் மெலிதலும் சேர்ந்தால் அஃது இயல்பன்று.

நோயல்லாததை நோயென்று கொள்வதும் நிகழ்கிறது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நியூ கலிடோனியாத் தீவிலுள்ள கொண்டைப் பல்லி. முற்றாக அழிந்துபோயிற்று என்று கருதப்பட்டுப் பின்னர் 1994 இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட இவ்வினம் இன்று வீடுகளிலே பெருந்தொகையாக வளர்க்கப்படுகிறது. இதன் வாயைத் திறந்து மேலண்ணத்தின் பின்புறத்தை நோக்கினால் சுண்ணாம்புபோல வெண்மையான இரு புடைப்புகள் தெரியும். முதன்முறை காண்போர் அதைச் சீழ்க்கட்டி என்றே நினைந்து நடுங்குவர். உண்மையில் அவை கல்சியம் சேமித்து வைக்கும் பைகள். நன்றாக உண்ணும் பல்லிக்கு அவை நிறைந்திருப்பது நற்குறி. இரு புறமும் ஒத்திருத்தல், சிவப்பின்மை, நாற்றமின்மை ஆகியவற்றால் அவற்றை அடையாளங் காணலாம். சில பல்லிகளின் வாயிலே பிறவியிலேயே கரிய நிறத் திட்டுகள் இருக்கும், அவையும் நோயல்ல. பல் விழுவதும் தனியே ஒரு நோய்க்குறி ஆகாது. சிறுத்தைப் பல்லிக்கு ஏறத்தாழ நூறு பற்கள் உண்டு. அவை வாழ்நாள் முழுவதும் மாறி மாறி விழுந்து முளைப்பவை. உதட்டிலே ஒட்டிய பூச்சிக்காலைச் சீழென்று கருதி அவசர வைத்தியம் நாடியவர்களும் இருக்கின்றனர். அவர்களைப் பார்த்து நகைக்க வேண்டியதில்லை. வீணாக அஞ்சியவர் இழப்பது ஒரு பிற்பகலை மட்டுமே.

இனி மருத்துவம். நோய் இருக்கிறது என்று ஐயம் தோன்றியவுடன் வைத்தியரைச் சந்திக்கும் நாள் வரையில் வீட்டிலே செய்யத்தக்கவை சில உண்டு. தொட்டியின் வெப்பத்தை வெப்பமானியால் அளந்து சீராக்கல் முதலாவது. மணலையும் மட்டையையும் அகற்றித் தரையிலே வெறுங் கடதாசி விரித்து நாள்தோறும் மாற்றுதல் வேண்டும். வேறு பல்லிகள் உடனிருந்தாற் பிரித்துவிடல் வேண்டும். கடிக்கும் பூச்சிகளை உள்ளே விடலாகாது. பொவிடோன் அயடீன் என்னும் மருந்தை வெந்நீரில் அன்று, ஆறவைத்த நீரிலே வெளிறிய தேநீரின் நிறம் வரும்வரை கலந்து, பஞ்சு முனைக் குச்சியால் உதட்டின் வெளியோரத்தை மட்டும் மெல்ல ஒற்றலாம். அதனை வாயினுள்ளே ஊற்றலாகாது. விழுங்கினாற் கேடு, மூச்சுக்குழாயிற் புகுந்தாற் பெருங்கேடு. பொருக்கைச் சுரண்டிப் பெயர்க்க முயல்வதும் ஆகாது. அதன் அடியிலே எலும்பு எந்நிலையில் இருக்கிறது என்பது வெளியே தெரியாது. காயத்திற்கு மனிதர் ஊற்றும் நுரைக்கும் ஐதரசன் பேரொட்சைட்டு மென்மையான இழையத்தையே அழித்துவிடும்.

வைத்தியர் முதலிலே தாடையை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து, நோய் எலும்பைத் தொட்டதா இல்லையா என்பதை அறிவார். வாயிலிருந்து சிறிது சீழை எடுத்துக் கிருமி வளர்த்து, எந்த மருந்துக்கு அது பணிகிறது என்பதைச் சோதிப்பார். சூடோமொனாசு போன்ற கிருமிகள் வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கும் அசையாதவை. ஆகவே இச்சோதனையை வீண் செலவென்று தள்ளலாகாது. பின்னர் பல்லியை மயக்கத்தில் ஆழ்த்தி, இறுகிய சீழையும் செத்த இழையத்தையும் அகற்றுவார். மேலே கூறிய கோட்டையை இடிக்கும் வேலை இதுவே. புண்ணைக் குளோர்எக்சிடின் என்னும் மருந்தின் மிக மெல்லிய கரைசலாற் கழுவி, பின்னர் நுண்ணுயிர்கொல்லி ஊசியைத் தொடங்குவார். வலிநீக்கியும் கொடுக்கப்படும். வலி குறைந்த பல்லியே விரைவிலே உண்ணத் தொடங்கும்.

அந்த ஊசியின் அளவைக் கேட்டால், மருந்தகத்திலே மனிதருக்கான மருந்தை வாங்கிவந்து பல்லிக்குக் கொடுப்பது எத்துணைப் பெரும் பிழை என்பது விளங்கும். இந்நோய்க்குப் பெரிதும் பயன்படும் செஃப்டாசிடைம் என்னும் மருந்தின் வழக்கமான அளவு, ஒரு கிலோகிராம் நிறைக்கு 20 மில்லிகிராம். பல்லி 60 கிராம் நிறையுடையதாயின், ஒரு தடவைக்கு 1.2 மில்லிகிராமே வேண்டும். மனிதருக்கென்று விற்கப்படும் ஒரு கிராம் குப்பியொன்றிலே எண்ணூறு தடவைக்கு மேற்பட்ட மருந்து அடங்கியிருக்கிறது. மேலும், அது மனிதருக்குப் போல நாளிற் பல முறை கொடுக்கப்படுவதன்று. 72 மணி நேரத்துக்கு ஒரு முறையே கொடுக்கப்படும். பல்லியின் உடல் மருந்தை அத்துணை மெதுவாகவே வெளியேற்றுகிறது. வேறு சில மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. உடலிலே நீர் வற்றிய பல்லிக்கு அவற்றைக் கொடுத்தால் நோய் தீருமுன் சிறுநீரகம் தீர்ந்துவிடும். பின்னுடலின் குருதி சிறுநீரகத்தின் வழியாகத் திரும்புவதனால், ஊசியை முன்னங்காலிலே இடுவது வைத்தியர்களின் நெடுநாள் வழக்கம்.

மெலிந்து வந்த பல்லியைக் கண்டவுடன் அதற்கு உணவூட்டத் துடிப்பது இயல்பே. எனினும் முறை வேறு: முதலிற் சூடு, அடுத்து நீர், அதன் பின்னரே உணவு. குளிர்ந்த வயிற்றிலே உணவு செரிக்காது கெடும். நீர் வற்றிய உடல் உணவின் கழிவை வெளியேற்றாது. புண்ணான வாயைத் திறந்து திணிப்பதைவிட, பூச்சியை அரைத்து நீரிற் குழைத்த கஞ்சியை மூக்கு நுனியிலே ஒரு துளி வைத்தாற் பல்லி தானே நக்கி உட்கொள்ளும். இதற்குப் பொறுமை வேண்டும். ஒரு வேளைக்கு அரை மணி நேரம் செலவாகலாம். சில நாளிலே ஒரு துளியும் இறங்காதிருக்கலாம்.

நோய் மாறும் வேகத்தையும் முன்னரே அறிந்திருத்தல் நன்று. ஊர்வனவற்றின் புண் நாட்கணக்கில் ஆறுவதன்று, வாரக்கணக்கில் ஆறுவது. மேற்புண் மட்டுமாயின் மூன்று, நான்கு வாரம் ஆகலாம். எலும்பிலே புகுந்திருந்தால் மாதக்கணக்காகும். பத்தாம் நாளிலே சிவப்பு மறைந்து பல்லி ஒரு மாப்புழுவை உண்டவுடன், வீட்டார் மகிழ்ந்து மருந்தை நிறுத்திவிடுகின்றனர். எஞ்சிய கிருமி சில வாரம் கழித்து மீண்டும் எழும். இம்முறை அந்த மருந்துக்கு அது பணியாமலும் போகலாம். இரண்டாவது முறை வந்த நோயே பெரும்பாலும் தாடையை இழக்கச் செய்வது.

சில வேளைகளிலே வைத்தியர் எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பார்த்துவிட்டு, இனிச் செய்வதற்கில்லை என்று கூறுவார். இரு தாடைகளும் அரிக்கப்பட்டு, வாலிலே கொழுப்பு எதுவும் எஞ்சாது, நீரையும் விழுங்கமுடியாத பல்லியை நோவின்றி உயிர்நீக்கிவிடுவதே அதற்குச் செய்யத்தக்க உதவி. பல்லிதானே என்று வெளியார் கூறுவர். பத்தாண்டு அதனோடு வளர்ந்த பிள்ளைக்கு அது பல்லி மட்டுமன்று. அந்தப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்வதா, தூங்கிப்போயிற்று என்று மழுப்புவதா என்பதைப் பெற்றோரே முடிவு செய்யவேண்டும். உண்மையைச் சொல்வதே பிற்காலத்திற்கு நல்லது என்று கருத இடமுண்டு.

வீட்டாரின் நலத்தையும் இங்கு மறக்கலாகாது. ஊர்வன பலவற்றின் குடலிலே சல்மனெல்லாக் கிருமி நோய் செய்யாது குடியிருக்கும். அது மனிதரிலே, சிறப்பாக ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிலும் முதியோரிலும், கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்க வல்லது. குழந்தைகள் வாயில் வைக்கத்தக்க சிறிய ஆமைகளை விற்பதை அமெரிக்க அரசாங்கம் 1975 இல் தடை செய்ததும் இதனாலேயே. நோயுற்ற பல்லியின் வாயைத் துடைத்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். அதன் கிண்ணத்தைச் சமையற் பாத்திரங்களோடு கழுவலாகாது.

இலங்கையிலே காடுகளிலுள்ள பல்லியினங்கள் பல வேறெங்கும் காணப்படாதவை, சட்டத்தினாற் காக்கப்படுபவை. மேலே கூறிய வளர்ப்புமுறையைக் கேட்டு எவரேனும் காட்டுப் பல்லியொன்றைப் பிடித்துவந்து கண்ணாடித் தொட்டியில் இட எண்ணினால், அது குற்றமாவதோடு, அந்த உயிருக்கு மேற்கூறிய எல்லாத் துன்பங்களையும் விலைகொடுத்து வாங்குவதுமாகும். வீட்டுச் சுவரிலிருக்கும் பல்லிக்கோ இந்த வைத்தியம் எதுவும் வேண்டியதில்லை. தனக்கு வேண்டிய சூட்டை ஓட்டின் அடியிலும் மின்விளக்கின் அருகிலும் அது தானே தேடிக்கொள்கிறது.

நோய் தீர்ந்த பல்லி மீண்டும் தொட்டிக்குத் திரும்பும்போது, தொட்டி பழைய தொட்டியாக இருத்தல் கூடாது. கண்ணாடியிலே மூக்கைத் தேய்த்தது என்றால் அப்பக்கத்திற்கு வெளியிலே கடதாசி ஒட்டி மறைக்கலாம். இரும்பு இடுக்கிக்குப் பதிலாக மென்முனையுடைய மர இடுக்கி கொள்ளலாம். தோல் கழலும் நாளிலே ஒதுங்குவதற்கு ஈரமான பாசியிட்ட சிறு பெட்டி ஒன்று வேண்டும். கழன்ற பற்கள், அடியிலுள்ள எலும்பு கெடாதிருந்தால், சில மாதங்களில் மீண்டும் முளைக்கும். கெட்ட எலும்பு முளைக்காது. தாடையின் ஒரு துண்டை இழந்த பல்லி, வாய் சற்றுக் கோணியபடியே பல்லாண்டு வாழக்கூடும். அதற்குப் பூச்சியின் கடினமான காலையும் தலையையும் நீக்கி, மென்மையான உடலை மட்டும் கொடுக்கவேண்டும். முதல் இரண்டு மாதம் வாரந்தோறும் நிறையையும், உண்ணும்போது எந்தப் பக்கத்தால் மெல்லுகிறது என்பதையும் குறித்துவைத்தால், மறுமுறை வைத்தியரிடம் செல்லும்போது அந்தக் குறிப்பேட்டையே அவர் முதலிற் கேட்பார்.